ஊன்ட்றொப்பும் இரண்டு கதிர்களும்: மைக்ரோவேவ் அடுப்பு ஆய்வுகூடத்துக்குப் போன கதை

ஊன்ட்றொப் என்றால் எங்களில் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது காமாட்சி அம்பாள் ஆலயம். 2002ஆம் ஆண்டு யூலையில் கும்பாபிஷேகம் கண்ட அந்தக் கோவிலின் தேருக்கு ஜேர்மனியின் எல்லா மூலைகளிலிருந்தும், அயல்நாடுகளிலிருந்தும் எங்கள் சனம் வந்து சேருகிறது. ஆனால் ஹம் நகரத்தின் அந்தப் பகுதியை ஐம்பது வயது கடந்த ஒரு ஜேர்மனியரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு முதலில் நினைவு வருவது அங்கே இருந்த அணுவுலையாகத்தான் இருக்கும்.

கடந்த முறை தேருக்குப் போனபோது, அங்கே நீண்ட காலமாக வசிக்கும் உறவினர் ஒருவரின் வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். புட்டு ஆறிப்போயிருந்தது. குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்ததைக் கண்டு, "மாமி, உதிலை வைச்சு ஒருக்காச் சூடாக்குவமே?" என்று கேட்டேன்.

"உதுக்குள்ளை வைச்சு நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லைத் தம்பி. கதிர் பாயிற சாமான். கதிரெண்டால் என்னெண்டு இந்த ஊரிலை இருக்கிற எங்களுக்குத் தெரியும்."

அவரின் பேத்தி இரசாயன ஆய்வுகூட உதவியாளராகத் தொழிற்பயிற்சி பெறுகிறாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மம்மா, நாங்கள் வேலையிடத்திலை மருந்துக்கான சேர்வைகளையே மைக்ரோவேவிலை வைச்சுத்தான் செய்யிறம்."

"அப்ப இனி மருந்தும் குடிக்கேலாது" என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தோம். புட்டு நீராவியில்தான் திரும்பச் சூடானது. ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் விடையில்லாமல் நின்றுவிட்டன. மைக்ரோவேவின் கதிரும் அணுவுலையின் கதிரும் ஒன்றா? அப்படி இல்லையென்றால், மருந்துகளுக்கான சேர்வைகளைச் செய்பவர்களுக்கு இந்த அடுப்பு எதற்கு? எங்கள் வீடுகள் பலவற்றில் இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதால் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

மாமியின் பயம் எங்கிருந்து வந்தது

மாமியின் பயத்தைப் படிக்காதவரின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊன்ட்றொப்பில் இருந்தது தோரியம் எரிபொருளில் இயங்கிய, 300 மெகாவாற்று மின்வலுக் கொண்ட உயர்வெப்ப அணுவுலை. அதன் எரிபொருள், 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள காரீயக் கோளங்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோளங்கள் உலைக்குள் குவிந்து கிடக்க, ஹீலியம் வாயு அவற்றின் வெப்பத்தை வெளியே கொண்டுவந்தது.

1986 ஏப்ரல் 26ஆம் திகதி செர்னோபிள் விபத்து நடந்தது. எட்டு நாட்கள் கழித்து, மே 4ஆம் திகதி, ஊன்ட்றொப் உலையில் கோளங்களை உள்ளே செலுத்தும் குழாயில் ஒன்று சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க முயன்றபோது கதிரியக்கத் தூசி வெளியே போனது. இது மக்களுக்கு உடனே தெரியவரவில்லை. செர்னோபிளிலிருந்து காற்றோடு வந்த தூசியும் அப்போது ஜேர்மனி எங்கும் படிந்திருந்ததால், எது எங்கிருந்து வந்தது என்ற வாக்குவாதம் நெடுநாள் நீடித்தது. 1989இல் உலை நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. 1991 செப்ரெம்பரில் அதன் உயரமான குளிர்விப்புக் கோபுரத்தை வெடிவைத்துச் சரித்தார்கள். எரிந்த கோளங்கள் 305 கொள்கலன்களில் அடைக்கப்பட்டு ஆகவுஸ் இடைக்காலக் களஞ்சியத்துக்குப் போயின. நிறுத்தப்பட்ட உலைக்கு ஆளியைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் அந்தக் கோளங்களின் கதிர்வீச்சை நிறுத்த எந்த ஆளியும் இல்லை.

மைக்ரோவேவ் அடுப்பு விடயத்தில் கதை வேறு. கதிர் என்பது சக்தி பயணம் செய்யும் ஒரு வடிவம். சூரிய ஒளியும், வானொலி அலையும், எக்ஸ் கதிரும், காமாக் கதிரும் ஒரே குடும்பம்தான். அவற்றை வேறுபடுத்துவது ஒவ்வொரு சக்திப் பொட்டலமும் எவ்வளவு பெரியது என்பதே. காபன் அணு இரண்டை இணைக்கும் ஒரு சாதாரண பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அணுவுலைக் கழிவிலுள்ள சீசியம் 137 தொடர்பான காமாக் கதிரின் ஒரு பொட்டலத்தில், அந்தப் பிணைப்பை உடைக்கத் தேவையானதைப்போல ஒன்றரை இலட்சம் மடங்குக்கும் மேலான சக்தி உண்டு. அதனால்தான் அது எங்கள் உடற்கலங்களில் புகுந்து சேதம் செய்கிறது. மைக்ரோவேவின் ஒரு பொட்டலத்தில் இருப்பதோ, அதே பிணைப்பை உடைக்க வேண்டிய சக்தியில் மூன்று இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரம் பேர் சேர்ந்து பஞ்சை எறிந்தாலும் சுவர் இடியாது. மைக்ரோவேவால் பிணைப்பை நேரே உடைக்க முடியாது. அதனால் முடிந்தது ஒன்றே: பொருளைச் சூடாக்குவது. அடுப்பை நிறுத்தியதும் அறையில் மின்குமிழ் அணைந்ததுபோல அலைகளும் இல்லாமற்போகின்றன. புட்டுக்குள் எதுவும் தங்குவதில்லை.

அலை எப்படிச் சூடாக்குகிறது

தோசைக்கல்லில் வெப்பம் வெளியிலிருந்து வருகிறது. முதலில் கல் சுட வேண்டும், பிறகு மாவின் அடி, பிறகு மேல். நூற்றைம்பது ஆண்டுகளாக இரசாயன ஆய்வுகூடங்களிலும் இதே முறைதான். குடுவையின் அடியில் சுவாலை அல்லது சூடான எண்ணெய்த் தொட்டி. குடுவைச் சுவர் சுட்டு, சுவரை ஒட்டிய திரவம் சுட்டு, மெல்ல மெல்ல நடுவுக்குப் போகும்.

மைக்ரோவேவ் வேறு வழியில் போகிறது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேரேற்றமாகவும் மறுபக்கம் சற்று மறையேற்றமாகவும் இருக்கும். மின்புலம் ஒன்றுக்குள் வந்தால் அது திசைகாட்டி முள் போலத் திரும்பி நிற்கப் பார்க்கும். வீட்டு அடுப்பின் அலை 2.45 கிகாஹேர்ட்ஸ் மீடிறன் கொண்டது. அதாவது மின்புலம் ஒரு செக்கனுக்கு 245 கோடித் தடவை ஊசலாடுகிறது. மூலக்கூறுகள் அதோடு சேர்ந்து திரும்ப முயன்று, பின்தங்கி, பக்கத்திலுள்ளவற்றோடு உரசுகின்றன. அந்த உரசல்தான் வெப்பம். கரைந்த உப்பின் அயன்கள் இருந்தால் அவையும் முன்னும் பின்னும் இழுபட்டு இன்னும் சூடேற்றும்.

நீரும், மெதனோல், எதனோல் போன்ற அற்ககோல்களும் இப்படி விரைவாகச் சுடுகின்றன. ரொலுயீன், எட்சேன் போன்ற முனைவற்ற கரைப்பான்கள் அலையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால் அதுவும் மெதுவாகத்தான் சுடும். உறைந்த கறியை வைத்தால் ஓரம் கொதித்து நடு கட்டியாகவே இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். உருகிய நீர் அலையைப் பிடித்துக்கொள்கிறது, கட்டியோ விட்டுவிடுகிறது.

"மைக்ரோவேவ் உள்ளிருந்து சூடாக்கும்" என்று சொல்வதும் முழு உண்மையல்ல. அலை உணவுக்குள் சில சென்ரிமீற்றர் ஆழம்தான் போகும். அதற்கு அப்பால் வழக்கமான முறையில் வெப்பம் கடத்தப்பட்டால்தான் உண்டு.

சாக்லேற்றிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

இந்த அடுப்பு ராடார் கருவியிலிருந்து பிறந்தது. 1945இல் அமெரிக்காவின் றேதியன் நிறுவனத்தில் ராடாருக்கான மக்னற்றோன் குழாய்களோடு வேலைசெய்த பேர்சி ஸ்பென்சர், தன் பையிலிருந்த சாக்லேற்று உருகியதைக் கவனித்தார் என்பது பலரும் அறிந்த கதை. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஆளுயரம்.

அது வீடுகளுக்குள் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் சேதன இரசாயனவியலாளர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊன்ட்றொப்பில் கோளம் சிக்கிய அதே 1986இல், 'ரெற்றஹீட்றன் லெற்றேர்ஸ்' என்ற ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று கனடாவின் சட்பரி நகரிலுள்ள லோறன்ஷியன் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் கெடியும் அவரது குழுவினரும் எழுதியது. மற்றது அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் றேமண்ட் ஜிகேர், ஜோர்ஜ் மஜெற்றிச் குழுவினருடையது. இரு குழுவினரும் பயன்படுத்தியது கடையில் வாங்கும் சாதாரண வீட்டு அடுப்பு.

சட்பரிக் குழுவினர் பென்சொயிக் அமிலத்தையும் மெதனோலையும் சேர்த்து ஓர் எசுத்தரைத் தயாரித்தார்கள். வழக்கமான முறையில் 8 மணித்தியாலம் கொதிக்க வேண்டிய தாக்கம், மூடிய ரெவ்லோன் பாத்திரத்தில் வைத்து மைக்ரோவேவில் விட்டபோது 5 நிமிடத்தில் ஏறத்தாழ அதே அளவு விளைவைத் தந்தது. ஜோர்ஜியாக் குழுவினர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று டீல்ஸ் ஆல்டர் தாக்கம். ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் ஒற்றோ டீல்சும் கூர்ட் ஆல்டரும் 1928இல் வெளியிட்டு, 1950இல் நோபல் பரிசு பெற்ற தாக்கம் அது.

வேகத்தின் காரணம்

8 மணித்தியாலம் எப்படி 5 நிமிடமானது? விடை எங்கள் குசினியிலேயே உண்டு: பிறசர் குக்கர். திறந்த பானையில் நீர் 100 பாகைக்கு மேல் சுடாது, எவ்வளவு நெருப்பு வைத்தாலும் ஆவியாகிப் போய்விடும். மூடி இறுக்கினால் அமுக்கம் கூடி, கொதிநிலையும் உயர்ந்து, பருப்பு விரைவில் அவியும். எதனோல் திறந்த குடுவையில் 78 பாகையில் கொதிக்கும். மூடிய தடித்த பாத்திரத்தில் அதையே 160 பாகை வரை கொண்டுபோகலாம்.

வெப்பநிலை உயர்ந்தால் தாக்கம் எவ்வளவு வேகமாகும் என்பதை 1889இல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ் கணிதச் சமன்பாடாகத் தந்தார். உயர்தரத்தில் படித்தவர்களுக்கு ஏவற்சக்தி என்ற சொல் நினைவிருக்கும். பருமட்டாகச் சொன்னால், 10 பாகை கூடும்போது வேகம் இரட்டிப்பாகும். 80 பாகை கூடினால் எட்டுத் தடவை இரட்டிப்பு, அதாவது 256 மடங்கு. இந்தக் கணக்கின்படி 8 மணித்தியால வேலை இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் ஒலிவர் கப்பேயின் குழுவினர் காட்டிய ஓர் உதாரணம் இதைத் தெளிவாக்கும். விநாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக் அமிலத்தோடு பீனைலீன் டையமீன் என்ற சேர்வையைத் தாக்கமுறச் செய்தால் பென்சிமிடசோல் வகைச் சேர்வை ஒன்று கிடைக்கும். வயிற்றெரிவுக்கு எங்களில் பலர் விழுங்கும் ஒமெப்பிறசோலும், பூச்சி மருந்தான அல்பெண்டசோலும் இதே வளையத்தைக் கொண்டவை. இந்தத் தாக்கம் 25 பாகையில் முடிய 9 கிழமை எடுக்கும். 100 பாகையில் 5 மணித்தியாலம். 160 பாகையில் 10 நிமிடம். 200 பாகையில் 3 நிமிடம். 270 பாகையில் ஏறத்தாழ ஒரு செக்கன்.

புதிய மருந்தொன்றைத் தேடுபவர் ஒரே மூலக்கூறின் நூற்றுக்கணக்கான வடிவங்களைச் செய்து பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் மாலையில் அடுப்பேற்றி மறுநாள் காலை வந்து பார்ப்பதற்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் விடையைக் காண்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். பிழைத்துப்போனாலும் ஒரு நாள் வீணாகாது, பத்து நிமிடம்தான் போயிருக்கும். மருந்து ஆய்வுகூடங்களில் இந்த முறை வேரூன்றியதற்கு முக்கிய காரணம் இதுதான்.

இருபது ஆண்டு வாக்குவாதம்

ஆனால் இந்தத் துறை தன்னைத்தானே ஒரு காலம் ஏமாற்றிக்கொண்டதும் உண்மை. வேகத்தைக் கண்டு வியந்தவர்கள் பலர், இது வெறும் வெப்பத்தால் வந்ததல்ல, மைக்ரோவேவுக்கு வெப்பத்தைக் கடந்த தனிச் சக்தி உண்டு என்று எழுதத் தொடங்கினார்கள். எண்ணெய்த் தொட்டியில் 100 பாகையிலும் மைக்ரோவேவில் 100 பாகையிலும் ஒரே தாக்கத்தைச் செய்தோம், மைக்ரோவேவ் வென்றது என்பது அவர்களின் ஆதாரம்.

கோளாறு அந்த '100 பாகை'யில் இருந்தது. வீட்டு அடுப்புக்குள் சாதாரண வெப்பமானியை வைக்க முடியாது. பின்னர் வந்த ஆய்வுகூடக் கருவிகள் பெரும்பாலும் செந்நிறக்கீழ் உணரியால் பாத்திரத்தின் வெளிச்சுவரைத்தான் அளந்தன. அலையோ உள்ளிருக்கும் திரவத்தை நேரடியாகச் சூடாக்குகிறது. உள்ளே கொதித்துக்கொண்டிருக்க, வெளிச்சுவர் குறைந்த எண்ணைக் காட்டும். சரியாகக் கலக்காவிட்டால் திரவத்துக்குள்ளேயே ஓரிடம் சூடாகவும் ஓரிடம் ஆறியும் கிடக்கும். திரவத்துக்குள்ளே ஒளியிழை உணரியை இறக்கி அளந்தபோது பல 'அதிசயங்கள்' மறைந்துபோயின.

2009இல் கிராஸ் குழுவினர் இன்னும் நேரான ஒரு சோதனையைச் செய்தார்கள். கண்ணாடிக்குப் பதிலாக சிலிக்கன் காபைட்டால் அதே அளவில் ஒரு பாத்திரம் செய்தார்கள். சிலிக்கன் காபைட்டு மைக்ரோவேவை முழுதாக உறிஞ்சித் தானே சுடும். வெப்பத்தை நன்றாகக் கடத்தவும் செய்யும். ஆகவே உள்ளிருக்கும் திரவத்துக்கு வெப்பம் மட்டும் போகும், அலை போகாது. அதே கருவி, அதே வெப்பநிலை, அதே நேரம். கண்ணாடியில் அலையும் வெப்பமும், சிலிக்கன் காபைட்டில் வெப்பம் மட்டும். பல்வேறு தாக்கங்களை இப்படி ஒப்பிட்டபோது இரண்டிலும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. வேகத்தைத் தந்தது வெப்பம்தான். 2013இல் கப்பே குழுவினர் இந்த வாக்குவாதத்தை முழுதாக மீளாய்வு செய்தபோது, கட்டுரையின் தலைப்பிலேயே இது கட்டுக்கதையா உண்மையா என்று கேட்டிருந்தார்கள்.

இதனால் மைக்ரோவேவின் பயன் குறைந்துவிடவில்லை. விரைவாகவும், கட்டுப்பாட்டோடும், மூடிய பாத்திரத்தில் உயர்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோக அது மிகவும் வசதியான வழி. வேகம் வெப்பத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தபின், பெரிய அளவில் செய்ய வேறு வழியும் திறந்தது. அலை சில சென்ரிமீற்றர்தான் ஊடுருவும் என்பதால் பெரிய தொட்டி முழுவதையும் மைக்ரோவேவால் சூடாக்குவது கடினம். ஆகவே சிறு பாத்திரத்தில் சரியான வெப்பநிலையைக் கண்டுபிடித்து, பின்னர் அதே வெப்பநிலையில் வைத்த மெல்லிய குழாய்க்குள் திரவத்தைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பெருமளவில் தயாரிக்கிறார்கள்.

'பசுமை இரசாயனம்' என்ற விளம்பரத்தையும் அளந்துதான் பார்க்க வேண்டும். மக்னற்றோன் தான் பெறும் மின்சாரத்தில் சுமார் 60 முதல் 65 வீதத்தைத்தான் அலையாக மாற்றும். மின்சாரம் மிச்சமாவது பெரும்பாலும் நேரம் குறைவதால்தான், அலையால் அல்ல.

வீட்டுக்கு வருவோம்

கதிருக்குப் பயப்படத் தேவையில்லை என்பதால் அடுப்பைக் கவனமில்லாமல் கையாளலாம் என்று அர்த்தமில்லை. கதவின் கண்ணாடியில் உள்ள உலோக வலையின் துளைகள் மில்லிமீற்றர் அளவிலும் அலையின் நீளம் 12 சென்ரிமீற்றராகவும் இருப்பதால் அலை வெளியே வராது. கதவு வளைந்தோ வெடித்தோ இருந்தால் அந்த அடுப்பைப் பாவிக்க வேண்டாம். குழந்தைக்குப் பால் சூடாக்கினால் நன்றாகக் குலுக்கி, கையில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின்பே கொடுங்கள். போத்தல் ஆறியிருக்க நடுவில் கொதிக்கும் பால் இருக்கலாம். வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால் கொப்புளிக்காமலே கொதிநிலையைக் கடந்து நின்று, கரண்டி பட்டதும் சீறி எழும். முட்டையையோ இறுக மூடிய பாத்திரத்தையோ உள்ளே வைக்கக் கூடாது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று குறிக்கப்படாத பிளாஸ்ரிக்கையும் தவிர்க்க வேண்டும்.

இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1986இல் வீட்டு அடுப்பில் செய்தார்கள் என்று வாசித்துவிட்டு நீங்கள் அதை முயலக் கூடாது. அந்த ஆரம்ப காலத்தில் ஆய்வுகூடங்களிலேயே பாத்திரங்கள் வெடித்திருக்கின்றன. இன்றைய கருவிகள் 30 பார் அமுக்கத்தையும் 300 பாகையையும் தாங்குமாறு, கலக்கியும் அமுக்கமானியும் தானாக நிறுத்தும் ஏற்பாடும் கொண்டு செய்யப்பட்டவை. ஆர்வம் இருந்தால் ஜேர்மனியில் பல்கலைக்கழகம் மட்டுமே வழியல்ல. ஆய்வுகூட உதவியாளர் தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டுகள், சம்பளத்தோடு.

இதை எழுதுமுன் அந்தப் பேத்தியோடு தொலைபேசியில் பேசினேன். கருவியில் முதல் நாள் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்டதற்கு, "திரையிலை தெரியிற வெப்பநிலை எந்த இடத்திலை அளந்தது எண்டு முதல்லை பார்க்கச் சொன்னவை, மாமா" என்றாள். இந்தத் துறை இருபது ஆண்டுகள் செலவழித்துக் கற்ற பாடம் அதுதான். 1986 மேயில் ஊன்ட்றொப் மக்கள் கேட்டதும் அதே கேள்வி: எவ்வளவு வந்தது, யார் அளந்தது, எங்கே அளந்தது? மாமி கதிரைக் கேள்வி கேட்டது பிழையல்ல. கேட்ட கேள்விக்கு அளந்து சொன்ன பதில் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

அவருக்கு இதை அச்செடுத்து அனுப்புகிறேன். அடுத்த தேருக்குப் போகும்போது புட்டு எதில் சூடாகிறது என்று பார்ப்போம்.